பழைய இசையும் புதிய இளைஞரும்

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் விடுதி நண்பர் ஒருவர் எனக்கு ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தார். அதன் உறை எங்கோ தொலைந்துபோயிருந்தது. பாடுவோர் யாவர், எந்த ஆண்டில் பதிவாயிற்று என்பவை ஒன்றும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். துள்ளிச் செல்லும் தாளம். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல எதிரொலிக்கும் குரல். மரப்பலகையைத் தட்டுவது போன்ற ஓசையோடு நடைபோடும் ஒரு பெருங்கருவி. மேனாட்டு இசையில் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு என்ற எண்ணம் அந்நாளில் எனக்கு இருந்தது. “இஃது 1955 அல்லது 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்பகுதியில் பதிவான பாட்டு” என்று சற்றுப் பெருமையோடு தீர்ப்புக் கூறினேன்.

சில நாள் கழித்து உறை கிடைத்தது. பாட்டு வெளிவந்த ஆண்டு 1981. வெளிவந்த நாடு இங்கிலாந்து. பாடியவர்கள் 1955-ஆம் ஆண்டில் பிறக்கவே இல்லை! எனக்கு உண்டான வெட்கம் விரைவில் சினமாக மாறிற்று. “இது வெறும் நகல், பிறர் சட்டையை அணிந்துகொண்டு ஆடும் ஆட்டம்” என்று சொல்லி ஒலிநாடாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று நான் கூறிய இரண்டாவது தீர்ப்பு முதல் தீர்ப்பைவிடப் பெரிய பிழை என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பழைய கலை ஒன்றைப் புதிய தலைமுறை கையில் எடுக்கும்போது அது நகலா, தொடர்ச்சியா என்று எப்படி அறிவது? இவ்வினா இசைக்கு மட்டும் உரியதன்று. மொழிக்கும், கூத்துக்கும், சிற்பத்துக்கும், கைத்தொழிலுக்கும் உரியது. ‘ஸ்ட்ரே கேட்ஸ்’ என்னும் மூவர் குழுவின் நீண்ட வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம். அப்பெயருக்குத் ‘தெருப் பூனைகள்’ என்று பொருள் கொள்ளலாம். அவர்கள் கையில் எடுத்த இசைக்கு ‘ராக்கபில்லி’ என்று பெயர்.

முதலில் அவ்விசையின் பிறப்பைக் காண்போம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் மெம்பிஸ் என்னும் நகரம் இருக்கிறது. அங்கே சாம் பிலிப்ஸ் என்பவர் 1950-ஆம் ஆண்டில் ஒரு சிறிய ஒலிப்பதிவு நிலையத்தைத் தொடங்கினார். 1954-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அங்கே பாடினார். ஸ்காட்டி மூர் கிட்டார் வாசித்தார். பில் பிளாக் டபிள் பாஸ் வாசித்தார். முரசு வாசிக்க ஆளில்லை. அம்மூவரும் பதிவு செய்த முதல் இசைத்தட்டின் இரு பக்கங்களையும் உற்று நோக்கினால் ராக்கபில்லி இன்னது என்பது தெளிவாகும்.

ஒரு பக்கத்துப் பாட்டு ஆர்தர் கிரூடப் என்னும் கறுப்பின இசைவாணருடையது. அவர் அதனை 1946-ஆம் ஆண்டில் பாடிப் பதிவு செய்திருந்தார். அது புளூஸ் என்னும் மரபைச் சேர்ந்தது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்டும் வறுமைத் தளையிலிருந்து விடுபடாத மக்களின் இசை அது. மறு பக்கத்துப் பாட்டு பில் மன்றோ என்னும் வெள்ளையருடையது. அது கென்டக்கி மலைநாட்டு மக்களின் மரபில் வந்தது. ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரே பள்ளியில் படிக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் சட்டமே தடையாக நின்ற இரு சமூகங்களின் இசை, ஒரு தட்டின் இரு பக்கங்களில் சேர்ந்தது. ‘ராக் அண்ட் ரோல்’ என்பதன் முற்பகுதியையும், மலைநாட்டுப் பட்டிக்காட்டாரை நகரத்தார் ஏளனமாக அழைத்த ‘ஹில்பில்லி’ என்னும் சொல்லின் பிற்பகுதியையும் ஒட்டி ‘ராக்கபில்லி’ என்று பின்னர் இதற்குப் பெயரிட்டனர்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். மன்றோவின் பாட்டு முதலில் மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் மெல்ல அசைந்து செல்வது. மெம்பிஸ் இளைஞர்கள் அதனை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி விரைவுபடுத்தினார்கள். மன்றோ என்ன செய்தார்? அதே 1954-ஆம் ஆண்டில் தம் பாட்டைத் தாமே மறுபடி பதிவு செய்தார். பழைய மூன்று எண்ணிக்கையில் தொடங்கி, இடையில் புதிய நான்கு எண்ணிக்கைக்கு மாறினார். மாணவர் தந்த திருத்தத்தை ஆசிரியர் ஏற்றுக்கொண்டது போன்ற நிகழ்ச்சி இது. ஆகவே, ராக்கபில்லி பிறக்கும்போதே ‘பழையதைப் புதிதாகச் செய்தல்’ என்னும் தொழிலாகத்தான் பிறந்தது. பின்வந்தவர்களை நகல் என்று பழிப்பவர், அந்த முதல் தட்டையும் அல்லவா பழிக்க வேண்டும்?

இக்கதைக்கு ஒரு கறையும் உண்டு; அதை மறைப்பது முறையன்று. ஆர்தர் கிரூடப்பின் பாட்டு உலகெங்கும் விற்றது. அவருக்கோ அதற்குரிய உரிமைத்தொகை கிடைக்கவில்லை. கூலி வேலை செய்து வாழ்ந்த அவர், அத்தொகைக்காக நெடுங்காலம் போராடி, அது கைக்கு வராமலே 1974-ஆம் ஆண்டில் காலமானார். பிறர் மரபிலிருந்து எடுப்பவர் கடனையும் சேர்த்தே எடுக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, இவ்விசை இயங்கும் முறையைப் பார்ப்போம். இதன் உயிர்நாடி டபிள் பாஸ். ஆள் உயரத்தையும் மிஞ்சி நிற்கும் நரம்புக் கருவி அது. மேனாட்டுச் செவ்விசைக் குழுக்களில் அதனைப் பெரும்பாலும் வில்லால் இழைத்து வாசிப்பார்கள். ராக்கபில்லியில் வில்லுக்கு வேலை இல்லை. வாசிப்பவர் தடித்த நரம்பை விரலால் பற்றி இழுத்து விடுகிறார். அது விரற்பலகையின் மேல் திரும்ப மோதும்போது சுரமும் ‘டக்’ என்னும் ஓசையும் ஒருங்கே பிறக்கின்றன. உடனே உள்ளங்கையால் நரம்புகளைப் பலகையின் மேல் அறைகிறார். அப்போது சுரம் இன்றித் தட்டோசை மட்டும் எழுகிறது. சுரம், தட்டு, சுரம், தட்டு என்று இவ்வாறு மாறி மாறி வருவதால், முரசுக்காரர் இல்லாத குறையை அந்த ஒரு கருவியே நிரப்பிவிடுகிறது. பாடகருக்குச் சுருதியும் தாளமும் ஒரே கையிலிருந்து கிடைக்கின்றன.

அடுத்தது எதிரொலி. சாம் பிலிப்ஸ் தம் நிலையத்தில் இரண்டு ஒலிநாடாப் பொறிகளை வைத்திருந்தார். பாடும் குரலை ஒரு பொறிக்கு நேராக அனுப்புவார். அதே குரலை மற்றொரு பொறியின் வழியாகவும் செலுத்துவார். அந்த இரண்டாம் பொறியில் ஒலியைப் பதிக்கும் முனைக்கும், பதிந்ததைப் படிக்கும் முனைக்கும் இடையே சிறு தொலைவு உண்டு. நாடா அத்தொலைவைக் கடக்க ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். அந்தத் தாமதத்தோடு இரண்டாம் குரல் முதற் குரலுடன் கலக்கும். ஒருவர் பாடினாலும் ஒரு கூடம் நிறையப் பாடுவது போன்ற தோற்றம் இதனால் உண்டாயிற்று. விடுதி அறையில் நான் கேட்டு மயங்கிய கிணற்றுக் குரலின் இரகசியம் இதுதான்.

இத்தகைய இசை தோன்றிய வேகத்திலேயே தேய்ந்தது. எல்விஸ் 1958-ஆம் ஆண்டில் படைத்துறையில் சேர்ந்தார். படி ஹாலி 1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விமான விபத்தில் மாண்டார். எட்டி கொக்ரன் என்னும் இளைஞர், ஜீன் வின்சென்ட் என்னும் பாடகரோடு இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்று பாடிவந்தபோது, 1960-ஆம் ஆண்டு ஏப்ரலில் கார் விபத்துக்கு உள்ளாகி இருபத்தொரு வயதில் இறந்தார். வின்சென்ட் காயங்களோடு பிழைத்தார். அமெரிக்க இளைஞர்களின் சுவையும் வேறு பக்கம் திரும்பியது. பிறந்த நாட்டில் ராக்கபில்லி பழங்கதையாயிற்று.

ஆயினும் கொக்ரன் இறந்த இங்கிலாந்து அதனை மறக்கவில்லை. நீண்ட அங்கியும் குறுகிய கால்சட்டையும் அணிந்து, தலைமயிரை எண்ணெயிட்டு உயர வாரிக்கொண்ட ‘டெடி பாய்ஸ்’ என்னும் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கிப் போற்றினர். சிறு மண்டபங்களில் அவற்றுக்கு ஆடினர். 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் இத்தகையோர் ஆயிரக்கணக்கில் லண்டனில் திரண்டு பி.பி.சி. நிலையத்தை நோக்கி ஊர்வலம் சென்றார்கள். அவர்கள் கேட்டது ஊதிய உயர்வு அன்று. “எங்கள் இசையை வானொலியில் ஒலிபரப்புங்கள்” என்பதே அவர்களின் கோரிக்கை. நிலையத்தார் இணங்கினார்கள். அந்த இசைக்கெனவே வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. வானொலியின் முன் நின்று பேசும் எனக்கு இந்த ஊர்வலத்தை நினைக்கும்போதெல்லாம் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. நேயர்கள் விரும்பிக் கேட்டால் நிலையங்கள் செவிசாய்க்கும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு அன்றோ?

இப்போது நம் கதைக்குரிய மூவரிடம் வருவோம். நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்ட் தீவில் மாசபீக்வா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே வளர்ந்த பிரயன் செட்சர் 1959-ஆம் ஆண்டில் பிறந்தவர். சிறு வயதில் யூஃபோனியம் என்னும் பித்தளைக் குழற்கருவியைக் கற்றவர்; பின்பு கிட்டாருக்கு மாறினார். எட்டி கொக்ரன் வாசித்த அதே வகைக் கிரெட்ச் கிட்டார் ஒன்று, 1959-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது, பழைய விலைக்கு அவருக்குக் கிடைத்தது. மற்ற இருவரும் 1961-ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். லீ ராக்கர் என்று பெயர் சூட்டிக்கொண்டவர் டபிள் பாஸ் வாசித்தார். அவருடைய தந்தையார் ஸ்டான்லி டிரக்கர், நியூயார்க் பில்ஹார்மானிக் என்னும் பெரும் செவ்விசைக் குழுவில் 1948 முதல் 2009 வரை கிளாரினெட் வாசித்த மேதை. ‘ஸ்லிம் ஜிம் ஃபாண்டம்’ என்னும் பெயரில் விளங்கியவர் முரசு வாசித்தார். அதையும் நின்றுகொண்டே வாசித்தார். ஒரு பெரிய முரசு, ஒரு சிறிய முரசு, ஒரு தாளத்தட்டு. அவர் முன் இருந்தவை பெரும்பாலும் இவ்வளவே.

1979-ஆம் ஆண்டில் மூவரும் கூடினர். உள்ளூர் மதுக்கடைகளில் வாசித்தனர். தங்கள் நாட்டில் இவ்விசைக்கு எதிர்காலம் இல்லை என்று கண்டு, இங்கிலாந்தில் இன்னும் ஆதரவு உண்டு என்று கேள்விப்பட்டு, 1980-ஆம் ஆண்டில் லண்டனுக்குப் புறப்பட்டார்கள். செட்சருக்கு இருபத்தொரு வயது; மற்ற இருவரும் அவரைவிட இளையவர்கள். அந்நகரில் உறவினர் இல்லை. கையில் போதிய பணமும் இல்லை. படுக்க இடமின்றித் திரிந்த நாட்களைப் பற்றி அவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். தெருப் பூனைகள் என்ற பெயர் சில வாரங்களுக்கு உண்மையாகவே பொருந்திற்று.

ஆயினும் அவர்களின் இசை விரைவில் ஊரார் செவிக்கு எட்டியது. டேவ் எட்மண்ட்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டு இசைவாணர், பழைய ஒலிப்பதிவு முறைகளில் நல்ல தேர்ச்சி பெற்றவர். அவர் இவர்களின் முதல் இசைத்தொகுப்பை உருவாக்க உதவினார். 1980-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த முதல் தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 9-ஆம் இடம் பெற்றது. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த இசைத்தொகுப்பு 6-ஆம் இடத்தை அடைந்தது. 1982-ஆம் ஆண்டில் இவர்களுடைய பாட்டுகளைத் திரட்டி அமெரிக்காவில் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். அப்போதுதான் தொடங்கியிருந்த இசைத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இவர்களின் படக்காட்சிகளை அடிக்கடி காட்டியது. அத்தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. ‘ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்’ என்னும் பாட்டு 1983-ஆம் ஆண்டில் 3-ஆம் இடத்தைப் பெற்றது. அமெரிக்கா தன் வீட்டுப் பரணில் போட்டு மறந்த பொருளை, கடல் கடந்து சென்று திரும்பிய பிள்ளைகள் கையிலிருந்து மறுபடி விலைகொடுத்து வாங்கிற்று.

இனி என் இளமைத் தீர்ப்புக்கு வருகிறேன். இவர்கள் செய்தது நகலா? நான் பின்னாளில் அந்த முதல் தொகுப்பை மறுபடி கேட்டபோது, முதல் முறை என் செவிக்குத் தப்பிய சில செய்திகள் புலனாயின.

ஒன்று, பாடுபொருள். அத்தொகுப்பில் ஒரு பாட்டு ஈரானில் அமெரிக்கத் தூதரகம் முற்றுகையிடப்பட்ட செய்தியை ஒட்டியது. 1979-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த நிகழ்ச்சி அது. மற்றொரு பாட்டு பிரைட்டன் கடற்கரை நகரில் இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொள்வதைச் சொல்வது. 1955-ஆம் ஆண்டுப் பாட்டென்று நான் தீர்ப்புக் கூறிய நாடாவிலேயே 1979-ஆம் ஆண்டுச் செய்தி இருந்தது. நான் சொற்களைக் கேட்கவில்லை. ஓசையில் மட்டும் மயங்கியிருந்தேன்.

இரண்டு, இசையமைப்பு. பழைய ராக்கபில்லிப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று சுரக்கூட்டங்களுக்குள் சுழலும். ‘ஸ்ட்ரே கேட் ஸ்ட்ரட்’ பாட்டோ, படி இறங்குவது போல நான்கு சுரக்கூட்டங்களில் மேலிருந்து கீழே இறங்கி வருகிறது. அந்த நடை ஜாஸ் இசையின் உறவு. செட்சரின் விரல்களில் ஜாஸ் கிட்டார்க்காரரின் பயிற்சி தெரிகிறது. மெம்பிஸ் நகரத்து முதல்வர்கள் நடந்த பாதையில் இவர் நடந்தாலும், நடை இவருடையது.

மூன்று, வேகம். இவர்கள் வளர்ந்த 1970-களின் இறுதி, பங்க் என்னும் சீற்றமிக்க இசை பரவிய காலம். அந்தச் சீற்றம் இவர்களின் வாசிப்பில் ஏறியிருக்கிறது. தந்தையின் சட்டையை அணிந்த மகனாயினும், அவன் நாடித் துடிப்பு அவனுடையதே.

இக்குழுவின் பின்வரலாறு ஏற்றமும் இறக்கமும் நிறைந்தது. புகழின் உச்சியிலிருந்தபோதே, 1984-ஆம் ஆண்டில் குழு கலைந்தது. செட்சர் தனியே சென்றார். மற்ற இருவரும் வேறொரு கிட்டார்க்காரரோடு சேர்ந்து புதுக் குழு அமைத்தனர். இதை ஒரு முடிவு என்றே பலர் எண்ணினர். ஆனால் அடுத்த ஆண்டிலேயே, 1985-ஆம் ஆண்டு அக்டோபரில், லண்டனில் ஓர் அரிய நிகழ்ச்சி நடந்தது. 1950-களில் மெம்பிஸ் நகரத்து அதே நிலையத்தில் பாடிப் புகழ்பெற்ற கார்ல் பெர்கின்ஸ் என்னும் முதுபெரும் இசைவாணர் அங்கே தொலைக்காட்சிக்காகப் பாடினார். பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனும் ரிங்கோ ஸ்டாரும், எரிக் கிளாப்டனும் உடன் இருந்தனர். அந்த மேடையில் டபிள் பாஸ் வாசித்தவர்களில் லீ ராக்கரும், முரசு வாசித்தவர்களில் ஸ்லிம் ஜிம் ஃபாண்டமும் இருந்தார்கள். இசைத்தட்டில் மட்டும் கேட்டுக் கற்ற ஆசிரியருக்கு அருகில் நின்று துணை வாசிக்கும் பேறு எத்தனை மாணவர்க்குக் கிடைக்கும்? செட்சருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வேறு வடிவில் வந்தது. 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லா பாம்பா’ என்னும் திரைப்படத்தில் எட்டி கொக்ரனாக அவர் தோன்றினார். 1989-ஆம் ஆண்டில் மூவரும் மறுபடி சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில், ஜீன் வின்சென்டையும் எட்டி கொக்ரனையும் நினைவுகூரும் பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். தாங்கள் யாரிடம் கற்றோம் என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. ஆயினும் கிரூடப்பைப் போன்ற கறுப்பின மூலவர்களுக்கு இசையுலகம் முழுவதும் பட்டுள்ள கடன், இத்தகைய நன்றிப் பாட்டுகளால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும்.

1993-ஆம் ஆண்டுக்குப் பின் குழு மீண்டும் உறங்கிற்று. செட்சர் அந்தப் பத்தாண்டில் எவரும் எதிர்பாராத துணிவான காரியம் ஒன்றைச் செய்தார். பித்தளைக் குழல்கள் முழங்கும் பதினேழு பேர் கொண்ட பெரிய ஸ்விங் இசைக்குழுவைத் திரட்டி, அதன் நடுவில் தம் கிட்டாரோடு நின்றார். ராக்கபில்லிக்கும் முற்பட்ட 1930-களின், 1940-களின் நடன இசை அது. பள்ளியில் யூஃபோனியம் ஊதிய சிறுவன் உள்ளே உறங்காமல் இருந்திருக்கிறான் போலும்! 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த அக்குழுவின் தொகுப்பு பேராதரவு பெற்றது. 1999-ஆம் ஆண்டில் அதற்குக் கிராமி விருதுகள் கிடைத்தன.

இவ்விசை மீண்டதனால் ஒரு கைத்தொழிலுக்கும் நன்மை விளைந்தது. கிரெட்ச் கிட்டார்களின் உற்பத்தி 1980-களின் தொடக்கத்தில் நின்றுபோயிருந்தது. செட்சரின் கையில் அக்கருவியைக் கண்ட இளைஞர்கள் பழைய கிட்டார்களைத் தேடி அலைந்தனர். நிறுவனத்தைத் தோற்றுவித்த குடும்பத்தார் அதனைத் திரும்ப வாங்கி, 1989-ஆம் ஆண்டில் மறுபடி கிட்டார்கள் செய்யத் தொடங்கினர். 1990-களில் செட்சரின் பெயரிலேயே ஒரு வகைக் கிட்டார் வெளிவந்தது. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் அவர் பங்கு பெரிது. கலை உயிரோடு இருந்தால் அதற்குரிய தச்சனும் உயிரோடு இருப்பான் என்பதை நம் நாட்டில் வீணையும் நாகசுரமும் செய்வோரை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2004-ஆம் ஆண்டில் மூவரும் ஐரோப்பாவில் கூடிப் பாடினார்கள். 2008-ஆம் ஆண்டில் விடைபெறும் பயணம் ஒன்றை மேற்கொண்டார்கள். விடைபெற்றவர்கள் 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் லாஸ் வேகாஸ் நகரத்து ராக்கபில்லித் திருவிழாவில் மீண்டும் மேடையேறினார்கள். 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘40’ என்னும் பெயரோடு ஒரு புதிய தொகுப்பை வெளியிட்டார்கள். குழு தோன்றி நாற்பது ஆண்டு நிறைந்ததன் அடையாளம் அப்பெயர். இருபத்தாறு ஆண்டுக்குப் பின் வந்த முதல் புதிய தொகுப்பு அது. செட்சருக்கு அப்போது அறுபது வயது. தாம் பின்பற்றிய எட்டி கொக்ரன் வாழ்ந்த ஆயுளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அவர் வாழ்ந்துவிட்டார். கொக்ரன் முதுமையில் எப்படி வாசித்திருப்பார் என்று காட்டும் இசைத்தட்டு உலகில் இல்லை. அறுபது வயதில் ராக்கபில்லி எப்படி ஒலிக்கும் என்பதைக் கொக்ரனிடம் கேட்டுக் கற்க வழியில்லாமல், செட்சர் தாமே கண்டறிய வேண்டியிருந்தது. இந்த இடத்தில் நகல் என்ற சொல் முற்றிலும் பொருளற்றுப் போகிறது. பார்த்து எழுதுவதற்கு அங்கே மூலமே இல்லை.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வருத்தமான செய்தி ஒன்று வந்தது. உடலின் காப்பாற்றலே உடலைத் தாக்கும் நோய் ஒன்று தம்மைப் பற்றியிருப்பதாகவும், கைகள் கிட்டார் வாசிக்க ஒத்துழைக்கவில்லை என்றும் செட்சர் அறிவித்தார். அவ்வாண்டு இறுதியில் குழு மேற்கொள்ள இருந்த பயணமும் அவர் உடல்நலக் குறைவால் கைவிடப்பட்டது. அச்செய்தியைப் படித்த இரவு நான் அவர்களுடைய பழைய பதிவை எடுத்துக் கேட்டேன். படியிறங்கும் அந்த நான்கு சுரக்கூட்டங்களும், அவற்றின் அடியில் சுரமும் தட்டுமாக நடந்த டபிள் பாஸும் கேட்டன. விரற்பலகையில் பதிந்த அந்தக் கைத்திறன் எளிதில் வந்ததன்று. தோல் கன்றிக் காய்த்துப்போன விரல்களால் வந்தது. அதை ஒருநாள் ‘சட்டை’ என்று சொல்லித் தள்ளியவன் நான்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் தெருக்கூத்தோ, பழந்தமிழ்ப் பண்ணோ, சிற்பமோ, வேறு ஏதேனும் பழங்கலையோ கற்க முன்வரலாம். அப்போது என்னைப் போன்ற யாரேனும் ஒருவன் உங்களை நகல் என்று பழிக்கக்கூடும். அவனுக்கு விடை சொல்லும் முன் உங்களை நீங்களே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கலையின் தோற்றத்தை மட்டும் எடுத்தேனா, அது இயங்கும் முறையைக் கையால் கற்றேனா? நான் வாழும் காலத்தின் செய்தி ஏதேனும் அதில் இருக்கிறதா? யாரிடமிருந்து எடுத்தேன் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அவர்க்குரியதைக் கொடுத்தேனா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை கூற முடியுமானால், பழிப்பவன் பேச்சைப் பொருட்படுத்தாமல் உங்கள் வேலையைப் பாருங்கள்.

எனக்கு ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அந்த விடுதி நண்பர் இன்றும் நலமாக இருக்கிறார். அவரிடம் என் பிழையை இதுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. இந்த உரையை அவர் கேட்டுக்கொண்டிருப்பாரானால், இதையே என் ஒப்புதலாக அவர் கொள்வாராக.